முப்பத்தோராம் வரி

கொணவட்டம் அச்சகத்திலிருந்து
மஞ்சள் உறையில் வந்தது வேலை.
கடன் வாங்கும் விவசாயிக்குப் பன்னிரண்டு பக்கக் கையேடு,
பக்கத்துக்கு நூற்றிருபது,
வியாழனுக்குள் தமிழாக வேண்டும்.

முப்பது வரி வரைக்கும் வண்டி ஓடியது.
முப்பத்தோராம் வரியில்
டைவர்சிஃபிகேஷன்
நடுரோட்டில் படுத்த எருமைபோல.

அகராதியைப் பிரித்து
இடது கண்ணருகே பிடித்தேன்
(வலதுக்கு மூன்று வேளை சொட்டு மருந்து):
பல்வகைப்படுத்தல்.
சோற்றில் கல்.
பன்முகமாக்கல் என்று எழுதிப் பார்த்தேன்,
ராவணன் வந்து நின்றான், அடித்தேன்.
பரவலாக்கம்,
அது காய்ச்சலுக்கு ஆகிற சொல்.

சொல் அகப்படாவிட்டால்
பொருளையாவது பார்த்து வரலாமென்று
தோட்டப்பாளையம் சந்தில் இறங்கினேன்.
ஆஸ்பத்திரிக்கு வரும் கல்கத்தாக்காரர்களுக்கு
மாடியில் ரூம் விடுகிறாள் ஜெயமேரி.
கீழே ஸ்டவ் வாடகை, சிம் கார்டு,
கடுகெண்ணெய், திரும்பிப் போக ரயில் டிக்கெட்.
வலி எங்கே என்று வங்காளத்தில் கேட்பாள்.
"இதுக்குப் பேரு வேற கீதா சார்? பொழப்பு."
பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே
கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்:
"ரயிலு நின்னுச்சே அந்த வருசம்,
அஞ்சு வியாபாரமும் ஒரே நாள்ல படுத்துச்சு."

மறுநாள் இலவம்பாடிக்கு பஸ் ஏறினேன்.
கையேட்டின் ஒன்பதாம் பக்கப் படத்தில்
சிரிக்கிற முனிரத்தினம்
நிஜத்தில் அவ்வளவு சிரிப்பதில்லை.

முள்ளுக்கத்திரி மட்டும் போடாதே என்றார்களாம்.
அரை ஏக்கர் சாமந்தி வைத்தான்.
இரண்டு ஜெர்சி, அதற்குத் தீவனப்புல்,
வரப்போரம் தென்னை,
தார்ப்பாய் விரித்த குட்டையில் கட்லா மீன்.
அதிகாரி வந்து போட்டோ எடுத்துப் போனார்.

"எல்லாத்துக்கும் ஒரே போருதான் சார்.
எழுநூத்தம்பது அடி.
சித்திரைல ஒரு நாளு மோட்டாரப் போட்டா
காத்து வருது, வெறும் காத்து.
கத்திரி மொதல்ல. அப்பால பூவு.
புல்லு காஞ்சதும் மாட்ட ஓட்டிவுட்டேன்.
மீனு கடைசி.
ரேஷன் கடைல நிக்கறாப்ல வரிசையா."

அப்புறம் எப்படி என்றேன்.
மோட்டார் கொட்டாய் நிழலில் உட்கார்ந்து
பதிலை ஏதோ கடன்பட்டவன்போல் சொன்னான்:
"ஊட்ல குணசுந்தரி
ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போவுது.
அஞ்சரைக்கு வேனு.
அது சம்பளம் மட்டும்
நம்ம போர்ல தண்ணி குடிக்கல."

கையேட்டைப் புரட்டினேன்.
குணசுந்தரிக்குக் கட்டமே இல்லை.
குடும்பத் தலைவரின் தொழில் என்றொரு கோடு,
அதற்குக் கீழே
மாடுகளின் எண்ணிக்கை.

திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில்
பஸ் வெகுநேரம் நின்றது.
எனக்குத் தொழில் எத்தனை என்று எண்ணினேன்:
மொழிபெயர்ப்பு, மெய்ப்பு பார்ப்பது,
எல்ஐசி ஃபாரம் நிரப்புவது,
கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம்.
நான்கு.
அதற்கு மேல் எண்ணப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை இரவு இப்படி எழுதிக் கொடுத்தேன்:
'ஒன்று காய்ந்தால்
இன்னொன்று காயாதபடி பிழைத்தல்.'

அச்சக ஹபீபுல்லா இரண்டு தரம் படித்தார்.
"நல்லாத்தான் கீது.
தலைப்புக் கட்டத்துல புடிக்காதே.
ஒரு சொல்லுக்குத்தான் எடம்."

அடுத்த வாரம் பிரதி வந்தது.
பல்வகைப்படுத்தல்.
கொட்டை எழுத்து, பச்சை மை.
நடுவில் அந்த ப்
ஒற்றுப்பிழை இல்லாமல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
தாளை
இடது பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன்.

விழுந்திருந்தது.